நேற்றைய பட்டியலே போதும்: மேக்ஃபைலில் வீண் கம்பைல் ஏன் வருகிறது?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிறு மதியங்களில் நாங்கள் சி மொழி வகுப்பு நடத்துகிறோம். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காசிமேடுதான் வீடு. அதனால் பயிற்சிக்காக எழுதும் நிரலும் மீன் ஏலக் கணக்காகவே அமைந்துவிட்டது. எந்தப் படகு, எந்த மீன், எத்தனை கூடை, என்ன விலைக்குப் போனது என்று பதிவு செய்யும் சின்ன நிரல். சேமித்து வைக்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நிரல். அதன் சோர்ஸ் (மூல நிரல்) ஒரே கோப்பாகக் கிடைக்கும். 2 லட்சம் வரிக்கு மேல். யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய மடிக்கணினிகளில் அந்த ஒரு கோப்பைக் கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, முடிப்பதற்குள் கீழே இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

போன மாதம் ஒரு மாணவி கூப்பிட்டுக் காட்டினாள். "இன்னாணா இது, ஏலம் ஃபைல்ல ஒரே ஒரு எழுத்து மாத்துனேன். எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஓட்டுது?"

அவள் மாற்றியது ஒரு கோப்பு. மேக் ஓட்டியது எல்லாக் கோப்பும், எஸ்க்யூலைட் உட்பட. எந்தெந்தக் கோப்பைக் கம்பைல் செய்ய வேண்டும் என்று முடிவு செய்து ஓட்டும் கருவிதான் மேக்; அதற்கான விதிகளை நாம் எழுதிவைக்கும் கோப்பு மேக்ஃபைல். இப்படிக் காத்திருந்து காத்திருந்தே பல பிள்ளைகளுக்கு நிரல் எழுதும் ஆசை விட்டுப் போகிறது என்பதால், அவள் கேள்விக்கு முழுசாகவே பதில் எழுதுகிறேன். ஆப்ஷன்களையும் கோப்புப் பெயர்களையும் வகுப்பில் வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். "-எம்எம்டி" என்று வந்தால் முன்னால் ஒரு சிறு கோடு, பின்னால் மூன்று பெரிய ஆங்கில எழுத்துகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேக் எப்படி யோசிக்கிறது என்று பார்த்துவிடலாம். அதற்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று: எந்தக் கோப்பு எப்போது கடைசியாக மாறியது என்ற நேரம். "ஏலம்.ஓ" வேண்டுமானால் "ஏலம்.சி" வேண்டும் என்று ஒரு விதி எழுதுகிறோம். சி கோப்பு நாம் எழுதும் சோர்ஸ், ஓ கோப்பு அதைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு. இந்த விதியில் ஓ கோப்பு இலக்கு, சி கோப்பு தேவை. சி கோப்பின் நேரம் ஓ கோப்பின் நேரத்தைவிடப் புதியதாக இருந்தால் கம்பைல் செய்யும், இல்லாவிட்டால் தொடாது. கோப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று மேக் திறந்து பார்ப்பதே இல்லை. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை எழுதியபோதிலிருந்து இதுதான் நடைமுறை. அவர் எழுதியதற்குக் காரணமும் ஒரு வீணான காலைப் பொழுதுதான். ஸ்டீவ் ஜான்சன் என்ற சக ஊழியர் சரியாகவே இருந்த ஒரு நிரலில் காலை முழுக்கத் தவறு தேடியிருக்கிறார். சோர்ஸைத் திருத்தியிருந்தார், ஆனால் அதன் ஆப்ஜெக்ட் கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய நிரல்.

அதே கதை 40 வருஷத்துக்கும் மேல் கழித்து எங்கள் அறையிலும் நடந்தது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன்பு தமிழ்நாட்டில் அது 45 நாளாக, மே 29 வரை இருந்தது. ஒரு பையன் பழைய செய்தியைப் பார்த்து "தடை.எச்" என்ற ஹெடரில் (பல சி கோப்புகள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பு) 45 என்று எழுதிவைத்திருந்தான். வீட்டில் படகு வைத்திருக்கும் பையன் ஒருவன் பார்த்துச் சொன்னதும் 61 ஆக்கினார்கள். அப்போதே "பதிவு.சி"யிலும் வேறு ஏதோ திருத்தினார்கள். மேக் ஓடியது. இப்போது பதிவுத் திரை ஜூன் 3-ந் தேதி ஏலத்தை "தடைக்காலம்" என்று மறுக்கிறது, "அறிக்கை.சி" போட்டுத் தரும் காலண்டரோ ஜூன் 3-ஐத் தொழில் நாளாகக் காட்டுகிறது. இரண்டு கோப்பும் அதே ஹெடரைத்தான் சேர்க்கின்றன. ஆனால் அறிக்கை.சி மாறவில்லை, ஆகவே அறிக்கை.ஓ பழைய 45-ஐ வயிற்றில் வைத்துக்கொண்டே இருந்தது. ஒரு மதியம் முழுக்க அறிக்கையின் லாஜிக்கில் தவறு தேடினோம். அங்கே தவறே இல்லை.

ஆக, ஹெடரும் ஒரு தேவை என்று மேக்கிடம் யாராவது சொல்லியாக வேண்டும். கையாலேயே எழுதலாம். பத்து நாளைக்குச் சரியாக இருக்கும். பிறகு யாரோ புது ஹெடரைச் சேர்த்துவிட்டு மேக்ஃபைலில் எழுத மறந்துவிடுவார்கள். "எல்லா ஓ கோப்புக்கும் எல்லா ஹெடரும் தேவை" என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களும் உண்டு. தவறு வராது, உண்மைதான். ஆனால் எந்த ஹெடரைத் தொட்டாலும் மொத்தமும் ஓடும். எங்களிடம் இருக்கும் கணினிகளுக்கு அது கட்டுப்படியாகாது.

எந்தக் கோப்பு எந்த ஹெடரைச் சேர்க்கிறது என்பது கம்பைலருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்; அதுதானே எல்லாவற்றையும் திறந்து படிக்கிறது. ஜிசிசி என்ற சி கம்பைலரிடம் "-எம்எம்" என்று கேட்டால் கம்பைல் செய்யாமல் இந்தப் பட்டியலை மட்டும் தரும். அதுவும் மேக்குக்குப் புரியும் விதி வடிவத்திலேயே:

அறிக்கை.ஓ: அறிக்கை.சி மீன்.எச் தடை.எச்

இதை "அறிக்கை.டி" என்ற பெயரில் சேமித்து, மேக்ஃபைலுக்குள் இன்க்ளூட் செய்துவிட்டால் போதும். இந்த டி கோப்பைத்தான் சார்புக் கோப்பு, டிபென்டென்சி ஃபைல் என்கிறோம். இதுவரைக்கும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். அந்த டி கோப்பை எப்போது, யார் உண்டாக்குவது என்ற இடத்தில்தான் வீண் கம்பைல் உள்ளே நுழைகிறது.

எங்கள் முதல் மேக்ஃபைலில் "டிபென்ட்" என்று ஒரு போலி இலக்கு இருந்தது. ஃபோனி என்று சொல்வார்களே, கோப்பாக இல்லாத வெறும் பெயர். அது எல்லா டி கோப்பையும் உண்டாக்கும். பட்டியல் எப்போதும் புதிதாக இருக்கட்டுமே என்று ஒவ்வொரு ஓ கோப்புக்கும் அதைத் தேவையாகப் போட்டிருந்தோம். அந்த மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். ஃபோனி இலக்குக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. மேக் அதை ஒவ்வொரு தடவையும் ஓட்டும். ஓட்டியதும் "இது இப்போதுதான் புதுசானது" என்று முடிவு செய்யும். அதைத் தேவையாக வைத்திருக்கும் ஓ கோப்பெல்லாம் பழசாகிவிடும். ஒரு எழுத்தை மாற்றினாலும் சரி, ஒன்றையுமே மாற்றாவிட்டாலும் சரி, முழுசாக ஓடும்.

சரி, ஃபோனியை எடுத்துவிட்டு டி கோப்புக்கென்று ஒழுங்காக ஒரு விதி எழுதலாம் என்று தோன்றும்: சி கோப்பிலிருந்து டி கோப்பு, அதற்குக் கட்டளை "-எம்எம்". பல பழைய பாடங்களில் இந்த முறைதான் இருக்கும். வேலையும் செய்யும். ஆனால் லினக்ஸில் நாம் ஓட்டும் மேக், அதாவது ஜிஎன்யு மேக், இன்க்ளூட் செய்த கோப்புகளையும் இலக்குகளாகவே பார்க்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஏதாவது ஒரு டி கோப்பு பழசாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்கும். பிறகு மேக்ஃபைலை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கும். ஒவ்வொரு சி கோப்பையும் பட்டியலுக்காக ஒரு தடவை, கம்பைலுக்காக இன்னொரு தடவை என்று இரண்டு முறை படிக்க வேண்டிவரும். டி கோப்புகள் இல்லாதபோது, உண்டான கோப்புகளை அழிப்பதற்கான "மேக் கிளீன்" என்று அடித்தால், அத்தனை பட்டியலையும் உட்கார்ந்து எழுதிவிட்டு, எழுதி முடித்ததும் அழிக்கும். என்ன நடக்கும் என்று சும்மா பார்ப்பதற்கான "-என்" (இது சிறிய எழுத்து) ஆப்ஷன்கூட இந்த வேலையைத் தடுக்காது. இவ்வளவுக்குப் பிறகும், ஹெடருக்குள் புது ஹெடர் சேர்ந்தால் டி கோப்பு தானாகப் புதுப்பிக்கப்படாது. அதற்கு டி கோப்பையும் அந்த விதியின் இடப்பக்கத்தில் நுழைக்க வேண்டும். அதற்காகச் செட் என்ற, எழுத்தைத் தேடி மாற்றும் கட்டளையில் எழுதும் வரியை ஒரு புதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

இதோடு "ஓ கோப்புக்கு டி கோப்பும் தேவை" என்று யாராவது எழுதிவிட்டால் இன்னொரு சிக்கல். பட்டியல் ஏதோ காரணத்துக்காக மறுபடி எழுதப்பட்டால், உள்ளே ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், அதன் நேரம் புதிதாகிவிடும். அது ஓ கோப்பைப் பழசாக்கும். பட்டியல் எழுதியதற்காகக் கம்பைல் நடக்கும்.

இத்தனை சுற்றுக்கும் அடியில் ஒரு நினைப்பு இருக்கிறது: கம்பைல் தொடங்கும் முன்பே பட்டியல் சரியாக, புதிதாக இருந்தாக வேண்டும் என்ற நினைப்பு. அது உண்மைதானா?

அறிக்கை.ஓ-வை எடுத்துக்கொள்வோம். அது இன்னும் உண்டாகவே இல்லை என்றால், பட்டியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேக் அதைக் கம்பைல் செய்யத்தான் போகிறது. பட்டியலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்து, ஓ கோப்பு இருக்கிறது, அறிக்கை.சி-யில் யாரோ புது ஹெடரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பழைய பட்டியலில் அந்த ஹெடர் இருக்காது. ஆனால் அதைச் சேர்ப்பதற்காக அறிக்கை.சி-யைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்? அதன் நேரம் மாறிவிட்டது, கம்பைல் நடக்கும். கடைசியாக, தடை.எச்-க்குள் யாரோ "தேதி.எச்" என்ற புது ஹெடரைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய பட்டியலில் தேதி.எச் இல்லை, ஆனால் தடை.எச் இருக்கிறது, அதன் நேரம் மாறிவிட்டது. இங்கேயும் கம்பைல் நடந்தே தீரும்.

அதாவது, பட்டியல் தவறாகிப்போகும் இந்தச் சந்தர்ப்பங்களில் எதை எடுத்தாலும், பழைய பட்டியலை வைத்தே மேக் சரியான முடிவுக்கு வந்துவிடுகிறது. இன்றைய முடிவுக்கு நேற்றைய பட்டியல் போதும். இன்றைய பட்டியல் நாளைக்குத்தான் வேண்டும். அப்படியானால் அதை எழுத நல்ல நேரம் எது? கம்பைல் நடக்கும் அதே நேரம். கம்பைலர் எப்படியும் எல்லா ஹெடரையும் திறந்து படிக்கிறது. படித்ததை அப்படியே குறித்துவைக்கச் சொன்னால் போதும்.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் புரிந்தது. ஏலம் நடக்கும்போது விலை கூவுகிறவர் பக்கத்திலேயே ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே வருவார். ஏலத்துக்கு முன்னால் ஒரு ஆளை அனுப்பி எல்லாக் கூடையையும் எண்ணி எழுதிவிட்டு, அப்புறம் ஏலத்திலும் எண்ணுவது கிடையாது.

இந்த வழியை, மேக்ஃபைல் எழுத உதவும் ஆட்டோமேக் என்ற கருவிக்காகச் செய்து காட்டியவர் டாம் ட்ரோமி. இன்று ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் அதற்கு ஆப்ஷனே இருக்கிறது. கம்பைல் ஆப்ஷன்களோடு "-எம்எம்டி -எம்பி" என்று இரண்டைச் சேர்க்க வேண்டும் (டி என்பது டாக்டரின் முதல் ஆங்கில எழுத்து, பி என்பது பேப்பரின் முதல் ஆங்கில எழுத்து). மேக்ஃபைலின் கடைசியில், எல்லா டி கோப்பையும் "-இன்க்ளூட்" செய்ய வேண்டும். டி கோப்புக்கென்று தனி விதி எதுவும் வேண்டாம், இருந்தால் அழித்துவிடுங்கள். இவ்வளவுதான் மாற்றம்.

முன்னால் பார்த்த "-எம்எம்" பட்டியலைத் தந்துவிட்டு நின்றுவிடும். "-எம்எம்டி" கம்பைலையும் செய்து, ஓ கோப்புக்குப் பக்கத்திலேயே டி கோப்பையும் வைத்துவிடும். ஒரு எம் குறைத்து "-எம்டி" என்று எழுதினால் கணினியோடு வரும் ஹெடர்களும் பட்டியலில் சேரும். சிஸ்டத்தை அப்டேட் செய்யும்போது எல்லாம் ஓடும் என்பதால் நாங்கள் இரண்டு எம் உள்ளதையே வைத்திருக்கிறோம். இன்க்ளூட்டுக்கு முன்னால் இருக்கும் சிறு கோட்டுக்கு "கோப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை, மேலே போ" என்று பொருள். முதல் தடவை ஒரு டி கோப்பும் இருக்காது. அந்தக் கோடு இல்லாவிட்டால் மேக் அங்கேயே நின்றுவிடும். அந்த வரியைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம், மேலே வைத்தால் டி கோப்பின் முதல் விதியே மொத்த மேக்ஃபைலின் முதல் இலக்காகிவிடும்.

"-எம்பி" தேவையா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மீன்.எச் என்ற ஹெடரை ஒரு நாள் அழித்துவிட்டு, அதைச் சேர்த்த வரியையும் சி கோப்பிலிருந்து எடுத்துவிட்டோம். நிரல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்றைய பட்டியலில் மீன்.எச் இன்னும் இருக்கிறது. மேக் அதைத் தேடும், கிடைக்காது, "இதை உண்டாக்க விதி இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். -எம்பி போட்டிருந்தால் டி கோப்பில் ஒவ்வொரு ஹெடருக்கும் தேவையும் கட்டளையும் இல்லாத வெற்று விதி ஒன்று சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட இலக்கு கோப்பாக இல்லாவிட்டால், அது புதுப்பிக்கப்பட்டதாக மேக் எடுத்துக்கொள்ளும். ஓ கோப்பு ஒரு தடவை கம்பைல் ஆகும். புதுப் பட்டியலில் மீன்.எச் இருக்காது, விஷயம் முடிந்தது. பழைய பட்டியலை நம்பி வாழும் இந்த முறைக்கு -எம்பி இல்லாமல் சரிவராது.

இந்த முறை தடுமாறும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஓ கோப்பை வைத்துக்கொண்டு டி கோப்பை மட்டும் அழித்தால், ஹெடர் மாற்றம் மேக்குக்குத் தெரியாமல் போகும். 45, 61 கதை திரும்பி வரும். ஆகவே கிளீன் விதியில் இரண்டையும் சேர்த்தே அழியுங்கள். அதே போல, ஹெடர் தேடும் பாதையில் முன்னால் வரும் ஃபோல்டரில் அதே பெயரில் புது ஹெடர் ஒன்றை வைத்தால், பட்டியல் பழைய ஹெடரையே காட்டிக்கொண்டிருக்கும். இது அபூர்வம்தான், நடந்தால் ஒரு முழு கிளீன்.

இவ்வளவு செய்த பிறகும் எங்கள் மேக் வீணாக ஓடியது. காரணம் டி கோப்புகளே அல்ல, அவை போய் உட்கார்ந்த ஃபோல்டர். ஓ, டி கோப்புகள் சோர்ஸோடு கலக்காமல் இருக்க "கட்டு" என்று ஒரு ஃபோல்டரை வைத்து, அதை எல்லா ஓ கோப்புக்கும் தேவையாகப் போட்டிருந்தோம். ஃபோல்டருக்கும் நேரம் உண்டு. உள்ளே ஒரு கோப்பு பிறந்தாலோ அழிந்தாலோ அந்த நேரம் மாறும். ஒவ்வொரு கம்பைலும் அதற்குள் புதுக் கோப்பைப் பிறப்பிக்கிறது. அதனால் முதலில் பிறந்த ஓ கோப்பெல்லாம் ஃபோல்டரைவிடப் பழசு. அடுத்த தடவை மேக் ஓட்டினால் அவை மறுபடி கம்பைல் ஆகும். தீர்வு ஒரே ஒரு குத்துக்கோடு. தேவைகளின் வரிசையில் | போட்டு அதற்கு வலப்பக்கம் ஃபோல்டரை எழுதினால், "இது இருந்தால் போதும், இதன் நேரத்தைப் பார்க்காதே" என்று பொருள். ஜிஎன்யு மேக் 3.80-ல், 2002-ல் வந்த வசதி. இருந்தும் இன்னும் பல மேக்ஃபைல்களில் இந்தக் கோடு இல்லாததைப் பார்க்கிறேன்.

இன்னொரு காரணம், நிரலே எழுதும் ஹெடர். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கடம்பா என்று மீன் பெயர்களை ஒரு அட்டவணையில் வைத்து, அதிலிருந்து "மீன்பெயர்.எச்" என்ற ஹெடரை ஒரு சிறு ஸ்கிரிப்ட் உண்டாக்குகிறது. அட்டவணையில் யாரோ குறிப்புப் பத்தியைத் திருத்தினாலும் ஹெடர் மறுபடி எழுதப்படும். உள்ளே அதே எழுத்துகள், ஆனால் புது நேரம். அதைச் சேர்க்கும் எல்லாக் கோப்பும் ஓடும். இதற்கு, ஸ்கிரிப்ட் தற்காலிகக் கோப்பில் எழுதட்டும். பழைய ஹெடரோடு "சிஎம்பி" கட்டளையால் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மட்டும் பெயர் மாற்றி வையுங்கள். கட்டளை ஓடிய பிறகு ஜிஎன்யு மேக் ஹெடரின் நேரத்தை மறுபடி பார்க்கும். மாறவில்லை என்றால் ஓ கோப்புகளைத் தொடாது. ஹெடர் அட்டவணையைவிடப் பழசாகவே இருப்பதால் அந்தச் சிறு ஸ்கிரிப்ட் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓடும். அது கண் இமைக்கும் நேரம்.

இந்த ஹெடர் விஷயத்தில் முதல் பில்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை. டி கோப்பு இன்னும் இல்லாத நிலையில், மீன்பெயர்.எச்-ஐ முதலில் உண்டாக்க வேண்டும் என்று மேக்குக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையும் அந்தக் குத்துக்கோட்டுக்கு வலப்பக்கம் எழுதிவிடுங்கள். வரிசை உறுதியாகும், அடுத்த தடவையிலிருந்து டி கோப்பு பார்த்துக்கொள்ளும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் இதே வலி உண்டு. அமைப்புத் தேர்வுகள் எல்லாம் ஒரே ஹெடரில் வரும். அந்த ஹெடரை எல்லாக் கோப்பும் சேர்க்கும். ஒரு தேர்வை மாற்றினால் மொத்தக் கெர்னலும் ஓட வேண்டிவரும். அதைத் தவிர்க்க, "ஃபிக்ஸ்டெப்" என்ற சின்ன நிரல் கம்பைலர் தந்த பட்டியலிலிருந்து அந்த ஹெடரை எடுத்துவிட்டு, அந்த சி கோப்பும் அது சேர்க்கும் ஹெடர்களும் உண்மையில் பெயர் சொல்லிப் பயன்படுத்தும் தேர்வுகளை மட்டும் போடுகிறது. கெர்னல் சோர்ஸில் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறது; சி கொஞ்சம் பழகியவர்கள் படித்துப் பார்க்கலாம்.

உங்கள் மேக்ஃபைல் சரியா என்று பார்க்க: மேக்கை ஓட்டுங்கள், முடிந்ததும் எதையும் தொடாமல் மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது தடவை ஒரு கோப்புகூடக் கம்பைல் ஆகக் கூடாது. அப்படி ஏதாவது கம்பைல் ஆகிவிட்டால், "--ட்ரேஸ்" ஆப்ஷனோடு ஓட்டுங்கள். 2013-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. எந்தத் தேவை புதிதாக இருந்ததால் எந்த இலக்கு ஓடியது என்று சொல்லிவிடும். அடுத்து "டச்" கட்டளையால் ஒரு ஹெடரின் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு, அதைச் சேர்க்கும் கோப்புகள் மட்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

எங்கள் கணினிகளில் ஒன்று இந்தச் சோதனையிலும் தேறவில்லை. மேக்ஃபைல் அதேதான், மற்ற நான்கிலும் சரியாக ஓடுகிறது. கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகவும் கடிகாரம் முன்பின்னாக இருப்பதாகவும் மேக் எச்சரித்துக்கொண்டே இருந்ததை நாங்கள் படிக்காமல் விட்டிருந்தோம். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறை போடும்போதும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விட்டது. புதிதாகப் பிறந்த ஓ கோப்பு பழைய தேதியோடு பிறந்தது. சி கோப்பு எப்போதும் அதைவிடப் புதிது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் நின்றது.

பழைய மேக்ஃபைலிலிருந்து இந்த முறைக்கு மாறுகிறவர்கள் முதல் தடவை மட்டும் கட்டாயம் ஒரு கிளீன் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஓ கோப்புகள் இருக்கும், அவற்றுக்குப் பட்டியல் இருக்காது. கம்பைல் நடக்காத வரை பட்டியலும் பிறக்காது. அந்த ஒரு தடவை எஸ்க்யூலைட் முழுசாக ஓடும். டீ குடிக்கப் போகலாம்.